பள்ளிக்கூடம், சேக்காளிகள், வேலை: நெல்லைப் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை நான். நாட்டு நலப்பணித் திட்டத்தையும் (என்.எஸ்.எஸ்.) உயர்கல்வி வழிகாட்டலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். மே, ஜூன் மாதங்களில் பெற்றோர் என்னிடம் வந்து நிற்பது பெரும்பாலும் ‘எந்த குரூப், எந்தக் காலேஜ்’ என்ற கேள்வியோடுதான். பிள்ளை வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்கிறான், யாரோடு பஸ் ஏறுகிறான், பள்ளியில் எந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொள்கிறான் என்பதற்கும் அவன் நாளைக்குப் பார்க்கப்போகும் வேலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை ஒட்டி என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நல்ல மதிப்பெண் எடுத்தால் போதாதா? ‘வேலைக்குத் தயார்’ என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

மதிப்பெண் கட்டாயம் வேண்டும். கட்-ஆப் அரை மதிப்பெண்ணில் தவறிப்போன பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள் நான்; அதனால் மதிப்பெண்ணைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மதிப்பெண் கல்லூரி வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். தனக்கு என்ன கைவரும் என்று தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றைச் செய்பவர்கள் காலையிலிருந்து மாலைவரை உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத நான்கு பேரோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் சண்டையில்லாமல் முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் தயார்நிலை என்கிறேன்.

மனிதர்களின் தொழில் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர், ஏறத்தாழ 14 வயது முதல் 24 வயது வரையான காலத்தைத் தேடிப் பார்க்கும் பருவம் என்று வகுத்தார். அதாவது ஒன்பதாம் வகுப்பிலேயே அது தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பள்ளியிலும், சேக்காளிகள் என்று நாங்கள் சொல்லும் நண்பர்களோடும்தான் கழிகிறது. வீட்டில் நாம் சொல்வதைக் காட்டிலும் அங்கே அவன் பார்ப்பதும் கேட்பதும் அதிகம்.

என் மகன் தன் நண்பர்கள் எடுக்கும் குரூப்பையே எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். என்ன செய்வது?

பதினைந்து வயதில் தனியாக ஒரு புது வகுப்பறைக்குள் நுழைவது பிள்ளைகளுக்குப் பெரிய பயம். அதை முதலில் மதியுங்கள். ‘அவன் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயா’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அதற்குப் பதிலாக அவனிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்காவிட்டால் பொறியியலில் பெரும்பாலான வழிகள் அடைபட்டுவிடும். உயிரியலை விட்டால் மருத்துவமும் செவிலியர் படிப்பும் எட்டாமல் போகக்கூடும். காமர்ஸ் எடுப்பது எதிலும் தாழ்ந்ததில்லை, சி.ஏ. தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்யலாம், பிளஸ் டூ முடித்து முதல் நிலைத் தேர்வை எழுதலாம். இவற்றைக் கேட்டபிறகும் அவன் அதே குரூப்பைக் கேட்டால், காரணத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நண்பனின் பெயரைத் தவிர எழுத எதுவும் வரவில்லை என்றால் அவனுக்கே விளங்கிவிடும்.

வேறு வேறு குரூப்பில் சேர்ந்தாலும் சாப்பாட்டு இடைவேளை ஒன்றுதான், விளையாட்டு மைதானமும் ஒன்றுதான். இதைச் சொன்னால் பல பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள்.

நண்பர்களோடு சுற்றினால் கெட்டுப்போவான் என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?

பாதி சரி. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வெவ்வேறு வயதினரிடம் கொடுத்தார்கள். வளரிளம் பருவத்தினர் தனியாக விளையாடியபோது எடுத்த ஆபத்தைவிட, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த ஆபத்து மிக அதிகம். பெரியவர்களிடம் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. வண்ணார்பேட்டைப் பாலத்தில் மூன்று பேர் ஒரே பைக்கில் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

ஆனால் பார்வையாளர் இருந்தால் வேகம் கூடுவது படிப்புக்கும் பொருந்தும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால் நம் பகுதியில் பலரும் அதற்குப் படிக்கிறார்கள். அவர்களில் தனியறையில் உட்கார்ந்து படித்தவர்களைவிட நூலகத்திலும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் கூட்டாகப் படித்தவர்கள்தான் கடைசிவரை தாக்குப்பிடித்ததாக நான் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் மகனின் நண்பர்களைத் தடுப்பதைவிட அந்த நண்பர்களை வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு வாய் காபி கொடுத்துப் பேசிப் பார்க்கட்டும்.

எங்கள் தெருப் பையன்களோடு மட்டும் பழகினால் என்ன தவறு?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வேலை பற்றிய பக்கம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவில் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் ‘யார் மூலம் இந்த வேலை தெரிந்தது’ என்று விசாரித்தார். 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் அதைப் பெற்றவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் எப்போதாவது பார்க்கும் ஆட்கள் மூலம் பெற்றிருந்தார்கள். காரணம் எளிது. நம்மோடு நெருங்கி இருப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தள்ளியிருப்பவரிடமிருந்துதான் வரும்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இருப்பார். அந்தத் தெருப் பையன்களுக்கு வியாபாரத்தின் நெளிவுசுளிவு தெரியும், ராணுவத் தேர்வு பற்றித் தெரியாது. இன்னொரு தெருவில் வளைகுடா நாடுகளைப் பற்றி அத்தனையும் தெரியும், வங்கித் தேர்வு பற்றித் தெரியாது. பணகுடி, காவல்கிணறு பக்கத்துப் பிள்ளைக்குக் காற்றாலையில் ஏறிப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் யாரையாவது தெரிந்திருக்கும். மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையம் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் செய்தி, அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகளுக்கு நமக்கு முன்னால் எட்டும். இந்தப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தும் தத்தம் தெருப் பிள்ளைகளோடு மட்டும் பேசினால், வகுப்பறையில் இருக்கும் இவ்வளவு செய்தியும் வீணாகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் பேஸ்புக் நட்புகளை வைத்து 2022இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதியுள்ள வீட்டு நண்பர்கள் அதிகமாக இருக்கும் பகுதிகளில், அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபின் மேலே வரும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது.

இனி அடுத்த பக்கம். தெரு என்று நாம் நாகரிகமாகச் சொல்வது நம் மாவட்டத்தில் பல நேரம் சாதியைத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரையும் அவருடைய தங்கையையும் அதே பள்ளியில் படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வெட்டுப்பட்ட மாணவர் சிகிச்சைக்குப் பின் படிப்பைத் தொடர்ந்து மறு ஆண்டு தேர்வில் தேறினார். வெட்டிய கைகளும் பள்ளிப் பிள்ளைகளின் கைகள்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒரு வழக்கு விழுந்தால் அந்தப் பையனுக்குப் போலீஸ் வேலை, ராணுவம், அரசு வேலை, பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு வாசலிலும் சரிபார்ப்பின்போது தடை வந்து நிற்கக்கூடும். கயிற்றைக் கட்டிவிடும் பெரியவர்கள் அதை எடுத்துச் சொல்வதில்லை.

உங்கள் மகன் நாளை கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தால் அவன் மேற்பார்வையாளர் எந்தத் தெருக்காரராகவும் இருக்கலாம். அவரிடம் வேலை கற்றுக்கொள்ளவும், அவர் சொல்வதை மனதில் மாச்சரியம் இல்லாமல் கேட்கவும் பழகும் இடம் பள்ளிதான். பதினேழு வயதுக்குள் பழகாதது பிறகு வருவது கடினம்.

பள்ளியில் என்ன செய்தால் வேலைக்கு உதவும்? என்.எஸ்.எஸ்., ஸ்கவுட் எல்லாம் பெயருக்குத்தானே?

சில பள்ளிகளில் பெயருக்குத்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

ஒரு விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் ஓடுபாதைக் கோடு போடும் பொறுப்பைப் பிளஸ் ஒன் காமர்ஸ் மாணவன் ஒருவனிடம் கொடுத்தோம். காலை ஆறு மணிக்குச் சுண்ணாம்புப் பொடி தீர்ந்துவிட்டது. தொடர் ஓட்டத்துக்குக் குச்சி மாற்றும் கட்டங்கள் பாக்கி. கடை எதுவும் திறக்கவில்லை. அவன் பள்ளிக்கு எதிர்வரிசை வீடுகளில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் போய், ‘மைனி, கொஞ்சம் கோலப்பொடி தாங்க, நாளைக்குத் திருப்பித் தந்திருதேன்’ என்று கேட்டு நான்கு வீட்டில் வாங்கிவந்தான். யார் வீட்டில் எத்தனை டம்ளர் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தான். மறுநாள் மாலை பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரசீதை என்னிடம் தந்தான். நேர்முகத் தேர்வில் ‘எதிர்பாராத சிக்கலை எப்படிச் சமாளித்தாய்’ என்று கேட்டால் அந்த மாணவனிடம் சொல்வதற்கு ஒரு உண்மையான பதில் இருக்கிறது. கூச்சத்தை விட்டுக் கேட்டது, கணக்கு வைத்தது, வாக்கைக் காப்பாற்றியது எல்லாம் அதற்குள் அடக்கம்.

என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம் ஏழு நாள் நடக்கும். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே ஹாலில் படுத்து எழும் அந்த நாட்களில் உருவாகும் நட்பு வகுப்பறையில் ஓர் ஆண்டிலும் உருவாகாது. முகாமுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் நான் கெஞ்சவே செய்திருக்கிறேன்.

வீட்டில் பீடி சுற்றவும் கடையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளை உதவ வேண்டியிருக்கிறது. அது பின்னடைவுதானே?

படிப்பு நேரத்தைத் தின்றால் பின்னடைவுதான். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்து வீடுகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அம்மாவோடு பீடி சுற்றும் பெண்பிள்ளைகள் நள்ளிரவுவரை உட்காருவதை நான் ஏற்கவே மாட்டேன். புகையிலைத் தூள் நெஞ்சுக்கும் ஆகாது.

அதே சமயம் அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பதை நான் பொறுத்துக்கொள்வதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, கழித்துப் போட்டது எத்தனை, இலை குறைந்தால் யார் பொறுப்பு என்று கடைக்காரரிடம் அம்மாவுக்காகக் கணக்குப் பேசுபவள் அவள்தான். பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அளவும் நுணுக்கமும் பொறுமையும் கையோடு வந்தவை. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயல்களில் தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சியவனுக்கு நேரத்தின் அருமை தெரியும். இவற்றைத் திறமை என்று யாராவது பெயர் சொல்லி எடுத்துக்காட்ட வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்வது ஒரு நண்பன் அல்லது தோழி. ‘நீ கணக்கில் புலி, காமர்ஸ் எடு’ என்று பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் சொன்னதைக் கேட்டு வாழ்க்கை மாறிய மாணவிகள் எனக்கு உண்டு.

எல்லாப் பிள்ளைகளும் டாக்டர், எஞ்சினியர், போலீஸ் என்றே சொல்கிறார்கள். ஏன்?

நம் பிள்ளைகள் மட்டும் அப்படி இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 41 நாடுகளில் 15 வயதுப் பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்து வேலைகளில் ஒன்றைத்தான் தங்கள் எதிர்காலமாகச் சொன்னார்கள். கண்ணால் பார்க்காத வேலைக்கு ஆசைப்பட முடியாது.

ஆகவே காட்டுங்கள். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் உலைகள் ஓடுகின்றன. அங்கே விஞ்ஞானிகளோடு பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், தீயணைப்பாளர், கணக்கர் எல்லாரும் வேலை செய்கிறார்கள். மகேந்திரகிரியில் ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். கங்கைகொண்டானில் சோலார் தகடு செய்யும் தொழிற்சாலையில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் கிராமத்திலேயே மென்பொருள் அலுவலகம் நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் பள்ளியும் அவர்களிடம் உண்டு. பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டு ஆண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இந்த வழி தெரிந்த வீடுகள் குறைவு. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டல் பள்ளிகளுக்கும் வருகிறது. அந்த வகுப்பைப் பிள்ளை தவறவிடாமல் பாருங்கள்.

நான்கைந்து சேக்காளிகள் சேர்ந்து கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வரட்டும். ஆளுக்கு ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்து ‘உங்கள் வேலையில் மிகவும் அலுப்பான பகுதி எது’ என்று கேட்டு எழுதிவரட்டும். அலுப்பைக் கேட்டால்தான் வேலையின் உண்மை வெளிவரும்.

மகளைப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. தோழிகள் இருந்தால் பரவாயில்லையா?

மிகவும் பரவாயில்லை. ஒரே ஊரிலிருந்து மூன்று பெண்கள் ஒரே பஸ்ஸில் போய் வந்தால் வீட்டின் பயம் பாதி குறைகிறது. ஒருத்தியைப் படிப்பிலிருந்து நிறுத்தப் பேச்சு எழுந்தால் மற்ற இரண்டு பேரின் அம்மாக்களும் பேச வருகிறார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே அந்த மூன்று பேரும் ஒரே கல்லூரிக்கு, வெவ்வேறு பாடங்களுக்கானாலும், சேர்ந்து விண்ணப்பிக்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ் பாஸும் புத்தகமும் போக மிஞ்சும். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு.

ஆங்கிலம் பேசக் கூச்சமாக இருக்கிறது, டீச்சர்.

சிரிக்காத ஒரு சேக்காளியைப் பிடி. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் இருவரும் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், தப்பும் தவறுமாக. மூன்றாவது ஆளைச் சேர்க்காதீர்கள்.

போனில்தான் நண்பர்களோடு பேசுகிறான். அதுவும் நட்புதானே?

நட்புதான். ஆனால் ஆள் முகத்தைப் பார்த்து மறுப்புச் சொல்லவும், கோபத்தை அடக்கவும், மன்னிப்புக் கேட்கவும் போன் கற்றுத்தருவதில்லை. வேலையிடத்தில் இவை தினமும் தேவைப்படும்.

ஆசிரியர்கள் இதில் என்ன செய்ய முடியும்?

நிறைய. வகுப்பில் அகரவரிசையில் உட்கார வைத்து, மாதம் ஒருமுறை இடம் மாற்றலாம். செய்முறை வகுப்புக்கு இணை சேர்க்கும்போது ‘உங்களுக்குப் பிடித்தவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் தெருதான் சேரும். ஆண்டு விழாப் பொறுப்புகளை எப்போதும் முதல் ஐந்து ரேங்க் பிள்ளைகளுக்கே கொடுக்கிறோம். கடைசி பெஞ்சுக்கும் கொடுங்கள். பழைய மாணவர்களில் நர்ஸ், லைன்மேன், வங்கி ஊழியர், டெம்போ உரிமையாளர் என்று கலந்து கூப்பிடுங்கள். கலெக்டரான ஒருவரை மட்டும் மேடையேற்றினால் பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லைன்மேனிடம் கேள்வி கேட்பார்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டான். சேக்காளிகள் எல்லாரும் பிளஸ் ஒன் போகிறார்கள். அவன் வெளியே தலைகாட்ட மறுக்கிறான்.

துணைத்தேர்வு அதே ஆண்டில், சில வாரங்களில் நடக்கிறது. தேறினால் அந்த ஆண்டே பிளஸ் ஒன் சேரலாம், ஓர் ஆண்டு வீணாகாது. விண்ணப்பிக்கக் கெடு குறுகியது, ஆகவே முடிவு வந்த வாரத்திலேயே பள்ளிக்கு வந்து பதிந்துவிடுங்கள். வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடும் சேர முடியும். அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை அறையிலிருந்து வெளியே கொண்டுவர நீங்கள் போக வேண்டாம், நானும் வர வேண்டாம். தேறிய நண்பர்களில் ஒருவனை அழைத்து, தவறிய பாடத்தை அவனோடு தினமும் மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடமும் முன்கூட்டிப் பேசி, அவன் நேரம் கெடுகிறதே என்று அவர்கள் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் தவறியிருந்தால் வடிவியலும் வரைபடமும் முதலில். அந்த இரண்டு கேள்விகளும் தெரிந்த மாதிரியிலேயே வரும், மதிப்பெண்ணும் பெரிது. ஆங்கிலத்தில் தவறியிருந்தால் கடிதம், விண்ணப்பம், மனப்பாடப் பகுதி. பழைய வினாத்தாள்கள் பள்ளியில் இருக்கின்றன. நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப்போகச் சொல்லுங்கள்.